சொல்லிக்கொள்ளாமல் வந்த வீடு

1

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு என் தங்கை சுகந்தி வட்ஸ்அப்பில் அழைத்தாள். எங்கள் ஊர் பழுகாமத்தில் அப்போது பிற்பகல் இரண்டு மணி. சோறு தின்ற கையோடு அவள் கொஞ்சம் கண்ணயர்கிற நேரம். இருபத்தேழு வருடமாக டென்மார்க்கில் இருக்கிறேன். வழக்கமில்லாத நேரத்தில் ஊரிலிருந்து அழைப்பு வந்தால், யாருக்கு என்ன நடந்தது என்ற நினைப்போடுதான் போனை எடுப்பேன்.

"ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லக்கா, பயப்பிடாதீங்க" என்றாள் எடுத்த எடுப்பிலேயே. "எனக்கு ஒரு பத்து நிமிசம் தாங்க. நீங்க கதைங்க, நான் கேக்கிறன். அவ்வளவுதான்."

"என்னத்தக் கதைக்க?"

"மனசில உள்ளத. இது எனக்கு வீட்டுப்பாடம்."

சுகந்தி முன்பள்ளி ஆசிரியை. பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கிறவள். அவளுக்கே யாரோ கொடுத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. விசயம் இதுதான்: ஊர்க் கூட்டங்கள் நடக்கிற பல்தேவைக் கட்டடத்தில் ஐந்து நாள் உளநலப் பயிற்சி நடக்கிறது. ஊர் ஆட்களையே தெரிவு செய்து, மனம் நொந்து இருக்கிறவர்களோடு எப்படிக் கதைப்பது, எப்படிக் கேட்பது, எந்தக் கட்டத்தில் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நடத்துகிறவர் ஒரு டொக்டர் அம்மா. இரண்டாம் நாள் அவர் கொடுத்த வேலை, யாராவது ஒருவரைப் பத்து நிமிடம் கதைக்கவிட்டுக் கேட்பது. இடையில் புத்தி சொல்லக் கூடாது. 'யோசிக்காதீங்க' என்று சொல்லக் கூடாது. 'இதென்ன, எனக்கு நடந்ததக் கேளுங்க' என்று ஆரம்பிக்கவே கூடாது.

"ஊருக்குள்ள ஆரையும் பிடிக்க ஏலாதா?"

"ஊருக்குள்ள கேட்டா, இவளுக்கு என்ன வந்தது எண்டு பாப்பாங்க. நீங்க எண்டா தூரத்தில. கதையும் வெளியில போகாது."

சரி என்று தொடங்கினேன். இங்கே அடிக்கிற காற்றைப் பற்றிச் சொன்னேன். கொம்யூன் என்று இங்கே சொல்கிற நகரசபையிலிருந்து வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். இப்போதெல்லாம் கடிதம் போனுக்குள்தான் வருகிறது. அதைத் திறக்க ஒரு கடவுச்சொல், அந்தக் கடவுச்சொல்லை உறுதிப்படுத்த இன்னொன்று. இத்தனையும் தாண்டிப் போனால், உங்கள் குப்பைத்தொட்டி மாற்றப்படும் என்று இருக்கிறது. அதைத் திறக்கும் வரைக்கும் நாட்டைவிட்டு அனுப்பப் போகிறார்கள் என்று இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குடியுரிமை கிடைத்து எத்தனையோ காலமாகிவிட்டது, பயம் மட்டும் விண்ணப்பதாரியாகவே இருக்கிறது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஹலோ! கேக்குதா?" என்று கத்தினேன்.

"கேக்குது" என்றாள்.

எங்களைப் போன்றவர்களுடைய தொலைபேசிக் கதையில் மௌனத்துக்கு இடமே இருந்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது. முன்பு நிமிடத்துக்குக் காசு, அதனால் மூச்சுவிடாமல் கதைத்தோம். இப்போது இலவசம், ஆனாலும் சத்தம் நின்றால் லைன் அறுந்துவிட்டது என்றுதான் நினைக்கிறோம். மூன்று தடவை ஹலோ சொன்னேன். மூன்று தடவையும் அவள் அங்கேயே இருந்தாள்.

பிறகு, சொல்ல நினைக்காத ஒன்று வாயில் வந்துவிட்டது. என் மகள் அபிராவுக்குப் பத்தொன்பது வயது. இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் வேறொரு நகரத்தில் படிக்கிறாள். நான் பத்து வரி எழுதினால் ஒரு பெருவிரல் படம் பதிலாக வரும். போன மாதம் வீட்டுக்கு வந்தவளிடம் குளிருக்குக் கம்பளிச்சட்டை போடு, சோறில்லாமல் பாணை மட்டும் தின்று கிடக்காதே, நேரத்துக்குப் படு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் டேனிஷ் மொழியில் நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, நீங்கள் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு அறிவித்தல் வாசிக்கிறீர்கள்."

இதை நான் கணவரிடமும் சொல்லியிருக்கவில்லை. 'சின்னப்பிள்ளதானே அக்கா, விடுங்க' என்ற பேச்சு சுகந்தியின் தொண்டை வரைக்கும் வந்து நின்றது எனக்குக் கேட்டது. அதை விழுங்கிவிட்டு, "நொந்துதா அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"நொந்தது" என்றேன். அழுதுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில், "பத்து நிமிசம் முடிஞ்சுது, நன்றி" என்று கந்தோர் உத்தியோகத்தர் மாதிரிச் சொல்லி வைத்துவிட்டாள். எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

2

அதற்குப் பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிறந்ததிலிருந்தே நான் துருவித் துருவிக் கேட்கிற ஆள். வேலை முடிந்ததும் தினமும் அவளைப் பிடித்து, இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் டொக்டர் அம்மா பலகையில் எதையும் எழுதாமல் ஒரு கேள்வி கேட்டாராம்: "மனம் சரியில்லாட்டி நம்மட ஆக்கள் என்ன சொல்லுவாங்க?" பெண்கள் ஒவ்வொருவராகச் சொல்ல, பலகை நிறைந்துவிட்டது. நெஞ்சடைக்குது. ஈரக்குலை எரியுது. தலைக்குள்ள கிறுகிறுக்குது. கைகால் சோருது. சோறு இறங்குதில்ல. ஒரு மாதிரிக் கிடக்கு. மனச்சோர்வு என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை.

"இவங்க எல்லாரும் நெஞ்சுக்கு மருந்து கேட்டுத்தான் வருவாங்க" என்றாராம் டொக்டர் அம்மா. "நெஞ்சையும் பாக்கத்தான் வேணும். பாத்திட்டு, மறுகா கதையையும் கேக்கணும்."

இதைக் கேட்டதும் எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு இங்கே வதிவிட அனுமதி முடிவாகியிருக்கவில்லை. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப வர முடியாது. போகவில்லை. இரண்டு மாதம் கழித்து வைத்தியரிடம் போய், நெஞ்சு அடைக்கிறது என்றேன். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் இருந்தார். பாவம், சொன்னதை அப்படியே சொன்னார். வைத்தியர் என் நெஞ்சில் வயர்களை ஒட்டி, கோடு கோடாக ஒரு கடதாசி எடுத்து, உங்கள் இதயம் மிக நன்றாக இருக்கிறது என்று கை கொடுத்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு படிவம் தந்தார். கடந்த இரண்டு வாரத்தில் நம்பிக்கையிழந்து இருந்தீர்களா, நித்திரை வந்ததா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றிலும் பிரச்சினை இல்லை என்ற கட்டத்திலேயே புள்ளடி போட்டேன். அந்தப் படிவம் குடிவரவுக் கந்தோருக்குப் போகும் என்று நினைத்தேன். மனம் சரியில்லாதவளை எந்த நாடு வைத்துக்கொள்ளும்?

சுகந்தியிடம் இதைச் சொன்னபோது, "அந்தப் படிவத்த இஞ்சயும் காட்டினாங்க. ஆனா முதல்ல பாயப் போட்டு இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு, மறுகாதான் கேக்கணும் எண்டு சொன்னாங்க" என்றாள்.

நாலாம் நாள் நடிப்பு. ஒருவர் நோயாளி, ஒருவர் தொண்டர். வந்திருந்த இரண்டு ஆண்களில் ஒருவர் வயல் வட்டைக்குப் போய் வேளாண்மை செய்கிற ஐயா. நோயாளியாக நடிக்க அவரே எழும்பினாராம். வயலுக்குப் போகவே மனமில்லை, விதைத்தது விதைத்தபடி கிடக்கிறது என்று அவர் சொன்ன விதத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவர் மட்டும் தேநீர் இடைவேளையில் தேநீரை எடுக்காமல் யன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாராம். டொக்டர் அம்மா தன் கோப்பையோடு போய் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார், எதுவும் கேட்கவில்லை. நடிப்பு எங்கே முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் அறிய ஆசை. சுகந்தி சொல்ல மாட்டேன் என்கிறாள். அங்கே கேட்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அக்கா என்றாலும் விதிவிலக்கு இல்லையாம்.

3

பயிற்சி முடிந்து சான்றிதழ் கொடுத்து, தொண்டர்களுக்கு வீடுகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். சுகந்திக்கு எங்கள் ஒழுங்கை. அதில் கடைசி வீடு பூரணம் மாமியுடையது.

மாமியின் ஒரே மகன் நிமலன். பன்னிரண்டு வருடத்துக்கு முன், வெளிநாடு போகிறேன் என்று ஒரு மீன்பிடிப் படகில் ஏறினான். அவ்வளவுதான் தெரியும். போய்ச் சேர்ந்தான் என்றோ சேரவில்லை என்றோ ஒரு சொல் வரவில்லை. மாமிக்குக் கடுமையான சீனி வருத்தம். மாதம் ஒருமுறை கிளினிக்கில் மருந்து எடுத்தால்தான் ஓடும். முதலிரண்டு தடவை போனபோது மாமி வாசல் படலையடியிலேயே நின்று, சுகமாக இருக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். மூன்றாம் தடவை உள்ளே கூப்பிட்டார். பாய் போட்டார். பிளேன்டீ ஊற்றினார். பிறகு கதைக்கத் தொடங்கினார்.

"ஒண்டரை மணித்தியாலம் அக்கா" என்றாள் சுகந்தி. "நான் ஒரு சொல்லும் இடையில சொல்லல்ல. எல்லாம் சரியாத்தான் செய்தன். எழும்பேக்கதான் பிழைச்சுப் போச்சு."

நடந்தது இது. மாமி அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்தார். சுகந்தி எழும்பினாள். கனத்த மனதோடு மாமியின் கையைப் பிடித்தாள், விட்டாள், தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். போயிட்டு வாறன் என்று சொல்லவில்லை.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்த வீட்டிலிருந்து வெளிக்கிட்டாலும், கோபத்தில் வெளிக்கிட்டாலும்கூட, போயிட்டு வாறன் என்று சொல்லித்தான் வருகிறோம். ஒரே ஒரு வீட்டில்தான் சொல்வதில்லை. செத்த வீட்டில். அங்கே இன்னொரு தடவை வருவேன் என்று சொல்வது இன்னொரு சாவைக் கூப்பிடுவது மாதிரி. அழுத முகத்தையும் பாயையும் வெறும் தேநீரையும் கண்ட சுகந்தியின் உடம்பு, அவளைக் கேட்காமலே அந்தப் பழக்கத்துக்குப் போய்விட்டது. பயிற்சிக் கையேட்டில் இதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை.

அடுத்த கிழமை போனபோது தகரப் படலைக்குச் சங்கிலி போட்டிருந்தது. உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "செத்த வீடு எண்டு நினைச்சு வந்து போனவளுக்கு இஞ்ச இனி என்ன வேலை? என்ட புள்ளயச் சாகடிச்சுப்போட்டுப் போயிட்டாய். போ."

அந்த மாதக் கிளினிக்குக்கு மாமி போகவில்லை. இருந்த குளிசையும் முடிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். காலில் ஒரு சின்னப் புண் இருந்தது, அது ஆறவில்லை என்றும் சொன்னார். சீனி வருத்தக்காரருக்கு ஆறாத புண் என்றால் என்ன என்று முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலையே எடுக்க வேண்டி வந்த ஒருவரை நான்தான் தினமும் குளிப்பாட்டுகிறேன்.

சுகந்தி போனில் விக்கி விக்கி அழுதாள். "நான் ஆறுதல் சொல்லப் போய் அவவக் கொல்லப் பாக்கிறன் அக்கா. இந்தச் சான்றிதழத் திருப்பிக் குடுக்கப் போறன்."

இந்தப் பிழையை நானும் ஒரு தடவை செய்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன், ஆனால் 'எனக்கு நடந்ததக் கேளு' என்று தொடங்கக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன். உங்களுக்குச் சொல்கிறேன். இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் பார்த்த ஒரு முதியவர் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகளின் கையைப் பிடித்துவிட்டு, பேசாமல் அறையைவிட்டு வெளியே வந்தேன். அடுத்த நாள் மேலாளர் கூப்பிட்டு, அந்தக் குடும்பம் உங்களை ஏதாவது மனம் நோகச் செய்துவிட்டதா, கோபத்தோடு போனீர்களாமே என்றார். விளக்கம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு ஒரு கொப்பியில் எழுதிவைத்தார். அங்கே மரியாதை இங்கே கோபமாகிறது. பூரணம் மாமி வீட்டிலோ அதே மரியாதை மரணச் சான்றிதழ் ஆகிவிட்டது.

4

டொக்டர் அம்மாவிடம் சுகந்தி போய்க் கேட்டாள். "பிழை எண்டு சொல்லுறதுக்குப் பாடம் ஒண்டும் தேவையில்ல. போய்ச் சொல்லுங்க" என்றாராம் அவர். ஒரு சனிக்கிழமை அவள் வெளிக்கிட்டாள். தனியப் போகப் பயம். நீங்க போன்ல இருங்க, எனக்குத் தைரியமா இருக்கும் என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். நிமலன் போன இரண்டாம் வருடம் நான் ஊருக்குப் போயிருந்தேன். மாமி அவனுடைய படத்தோடு வந்தார். எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும் மாமி கேட்பார். அவருக்கு வெளிநாடு என்பது ஒரே இடம். "இருப்பார் மாமி, முகாமில வெச்சிருப்பாங்க, போன் இருக்காது" என்று நான் அடித்துச் சொன்னேன். எனக்கு ஒரு இழவும் தெரியாது. மாமி சந்தோசத்தில் அடுத்த நாள் வளர்த்த கோழியை அடித்துச் சமைத்துக் கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு ஊருக்குப் போன மூன்று தடவையும், அவர் வீட்டைத் தாண்டாமல் மற்ற ஒழுங்கையால் சுற்றித்தான் போனேன். வெட்கமாக இருக்கிறது.

சரி என்று, இல்லத்தில் துணி துவைக்கிற அறையில், காலை இடைவேளையில் நின்றுகொண்டேன். திரையில் தகரப் படலை தெரிந்தது. சுகந்தியின் பெருவிரல் கமராவின் ஒரு ஓரத்தை மறைத்திருந்தது.

"மாமி, நான் சுகந்தி. அண்டைக்கு உங்களுக்குச் சொல்லாமப் போயிட்டன். பிழை. உங்கட மகன் இல்லை எண்டு நினைச்சுச் செய்யல்ல. நீங்க அழுததப் பாத்து எனக்கு வாய் வரல்ல."

உள்ளே செருப்பு இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "கையில ஆரு?" என்றது குரல். எங்கேயோ இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"டென்மார்க் அக்கா மாமி."

சங்கிலி கழன்றது. படலை ஒரு சாண் திறந்தது. மாமியின் முகம் மெலிந்து, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"மூத்தவளா? இந்த ஒழுங்கையால வாறத விட்டுட்டாய் என்ன?"

"ஓம் மாமி."

"ஏன் புள்ள?"

லீவு குறைவு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எத்தனையோ பதில் கைவசம் இருந்தது. "உங்கட முகத்தப் பாக்கப் பயம் மாமி" என்றேன். "அண்டைக்கு நான் இருப்பார் எண்டு சொன்னது தெரிஞ்சு சொன்னதில்ல. நீங்க அழக் கூடாது எண்டு சொன்னன்."

"அப்ப, இல்லையா?"

"அதுவும் தெரியா மாமி. எனக்குத் தெரியா."

அதற்கு மேல் எதையாவது சேர்த்துச் சொல்ல என் வாய் துடித்தது. கடவுள் இருக்கிறார், எதற்கும் மருந்தை எடுங்கள், காலைக் காட்டுங்கள். அத்தனை அறிவித்தல்களும் வரிசையில் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். துவைக்கிற இயந்திரம் என் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

மாமி படலையைப் பிடித்தபடி மெதுவாக நிலத்தில் இருந்தார்.

"எனக்கும் தெரியா புள்ள" என்றார். "இரிக்கான் எண்டு சொல்லுறவங்களுக்கு முன்னால, இரிக்கான் எண்டு சிரிச்சிட்டு இரிக்கணும். திவசம் குடு எண்டு சொல்லுறவங்களோட சண்டை பிடிக்கணும். எனக்குத் தெரியா எண்டு சொல்ல ஒருத்தரும் என்ன விடல்ல."

சுகந்தி படலைக்கு இந்தப் பக்கம் மண்ணிலேயே இருந்துவிட்டாள். போனை மடியில் வைத்தாள் போலிருக்கிறது. எனக்கு வானத்தில் ஒரு துண்டும் முருங்கைக் கொப்பும்தான் தெரிந்தன. மாமி கதைப்பது கேட்டது. நிமலனுக்குக் கத்தரிக்காய் ஆகாது, சைக்கிளில் கையை விட்டுவிட்டு ஓடுவான், படகில் ஏறப் போன அன்றைக்குத் தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு சாப்பிடாமல் போனான். இப்படி. பன்னிரண்டு வருடமாக எல்லோரும் மாமியிடம் தகவல் வந்ததா என்றுதான் கேட்டோம். அவன் எப்படிப்பட்டவன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

என் இடைவேளை பதினைந்து நிமிடம். நாற்பது நிமிடம் கழித்து மேலாளர் தேடி வந்தார். ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கிறார், என்னால் வைக்க முடியாது என்றேன். அவர் முருங்கைக் கொப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

5

அபிராவிடம் இப்போது கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்து பார்க்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் கம்பளிச்சட்டை வந்துவிடுகிறது. என் சுபாவம் ஐந்து நாள் பயிற்சியில் திருந்துகிற சுபாவம் இல்லை. ஆனாலும் போன கிழமை அவளாகவே போன் எடுத்து, அந்தச் சித்தியின் வீட்டுப்பாடம் என்ன ஆயிற்று என்று கேட்டாள். தமிழில் கேட்டாள்.

நான் அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். மாமி கிளினிக்குக்குப் போனார், சுகந்தியோடு. காலுக்கு மருந்து கட்டினார்கள். இரண்டு நாள் பிந்தியிருந்தால் ஆசுப்பத்திரியிலேயே மறித்து வைத்திருப்பார்களாம். ஒரு மாதம் வராததால் புதிய அட்டை எழுத வேண்டியிருந்தது. தாதி பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். பழைய அட்டையில், ஒரு மகன், வெளிநாட்டில் என்று இருந்தது. தாதி அதைப் பார்த்து எழுதப் போனார்.

"அப்பிடி எழுதாத புள்ள" என்று மாமி அவருடைய பேனையைத் தடுத்தாராம். "ஒரு மகன். எங்க எண்டு எனக்குத் தெரியா."

சொல்லிவிட்டு, இரத்தம் குத்தி எடுக்க விரலை நீட்டினாராம்.